முதுகுன்றமும் அண்டத்தின் முதுமையும்

விருத்தாசலம் என்னும் வடசொல்லுக்கு முதிய மலை என்பது பொருள். திருமுதுகுன்றம், பழமலை என்னும் தமிழ்ப்பெயர்களும் அதனையே உணர்த்தும். உலகம் தோன்றியபோது முதன்முதல் எழுந்த மலை இதுவே என்பது தலவரலாறு. அங்ஙனமாயின் உலகம் எப்போது தோன்றியது, எவ்வாறு விரிந்தது, எங்ஙனம் முடியும் என்னும் வினாக்கள் பழமலைநாதரை வழிபட வரும் அன்பர் உள்ளத்தில் எழுதல் இயல்பே.

அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இவை அறிவியலார் கணிப்பு. தொடக்கத்தில் மிகச் செறிந்தும் வெம்மையுற்றும் இருந்த அண்டம், விரியவிரியக் குளிர்ந்தது. தொலைவு மிகுந்த விண்மீன் திரள்கள் மிகுந்த விரைவோடு விலகிச் செல்வதை 1929ஆம் ஆண்டில் எட்வின் ஹபிள் எடுத்துக்காட்டினார். மாசிமகத் திருவிழாக் கடையில் விற்கும் பலூனில் புள்ளிகள் இட்டு ஊதினால், அவை ஒன்றையொன்று விட்டு அகலும். அவற்றுள் எதுவும் நடுப்புள்ளி அன்று. அண்ட விரிவும் அத்தகையதே.

நம்மூர்ப் பீங்கான் சூளையில் நெருப்பு அவிந்த பின்னும் சுவரில் வெப்பம் எஞ்சியிருக்கும். அதுபோல ஆதிவெம்மையின் எச்சம் விண்வெளி எங்கும் இன்றும் பரவியுள்ளது. 1965ஆம் ஆண்டில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். இன்று அது சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 270 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்துள்ளது.

இனி முடிவு யாது? விரிவின் விரைவு தளரும் என்றே பலர் எண்ணியிருந்தனர். அது மிகுந்து வருவதாக 1998ஆம் ஆண்டில் கண்டனர். இவ்வாறே நீடிப்பின் விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அவிந்து, இருளும் குளிருமே எஞ்சும் என்பர். அவ்விரைவுக்குக் காரணமெனக் கருதப்படும் ஆற்றலின் இயல்பு இன்னும் தெளியப்படாமையால், இதனை இறுதி முடிபாகக் கொள்ளுதற்கில்லை.

இவ்வூர்க்கு அண்மையிலுள்ள பெண்ணாகடத்தில் தோன்றியவர் மெய்கண்டார். அவர் அருளிய சிவஞானபோதம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலை முதல் நூற்பாவிலேயே ஆராய்கிறது. சைவ ஆசிரியர்கள் இதற்குக் குடத்தை உவமை கூறுவர். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே மாயையும் சத்தியும் இறைவனும் ஆம். ஒடுங்கிய உலகம் உயிர்களின் மலநீக்கத்தின் பொருட்டு மீளவும் தோற்றுவிக்கப்படும் என்பது சித்தாந்தம்.

மண் குடமான முறையைத் தொலைநோக்கி கொண்டு ஆராயலாம். குயவனை அக்கருவி காட்டாது. ஆதலின் 1,380 கோடி என்னும் எண்ணைத் தலவரலாற்றுக்குச் சான்றாக்கவும் வேண்டா. தலவரலாறு கொண்டு அவ்வெண்ணை மறுக்கவும் வேண்டா. பிள்ளைகள் வினவுங்கால் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து எடுத்துரைத்தல் பெற்றோர் கடமையாகும்.

திருச்சிற்றம்பலம்.