ஆலைக் கழிவிலும் தொழில் இருக்கிறது. தொடங்கி வைக்க யார்?

ரெங்கத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் வாடையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், காயப்போட்ட துணியை அம்மா உள்ளே எடுத்துவிடுவார். அந்த வாடை கிளம்பும் இடம், ஆலைக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குளங்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் பழக்குலையை ஆலைக்குள் அனுப்பினால் கிடைக்கும் எண்ணெய் சுமார் 200 கிலோ. வெறுங்குலை அதைவிடச் சற்று அதிகம். கூடவே 600 லிட்டருக்கும் மேல் சூடான பழுப்புநிறக் கழிவுநீர். அது திறந்த குளத்தில் புளிக்கும்போது மீத்தேன் வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. ஆனால் மூடிய தொட்டியில் பிடித்துவிட்டால் அதுவே எரிபொருள். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் எரிவாயு எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகள் இந்த வாயுவைப் பிடித்தே ஆகவேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது.

இந்த நுட்பம் நம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். நெகிரி செம்பிலானில் உள்ள பெல்டா செர்டிங் ஹிலிர் ஆலையில், யுபிஎம் ஆய்வாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து, 500 கன மீட்டர் தொட்டி அமைத்து வாயுவை அளந்தார்கள். அளந்து, ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். என் கேள்வி அதற்கு அடுத்த கட்டம் பற்றியது. ஆய்வகத்தில் தெரிந்துகொண்டதை ஒரு மாணவன் நிறுவனமாக்க வேண்டுமானால் பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்?

இதற்கு நான் பார்க்கும் தெளிவான பதில் சென்னையில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2010இல் தரமணியில் ஆராய்ச்சிப் பூங்காவைத் திறந்தது. அங்கே இடம் பிடிக்கும் நிறுவனங்கள் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு ஆய்வு செய்வது, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது என்று ஐஐடியோடு கொண்ட உறவைப் புள்ளிகளாகவும் கணக்குக் காட்ட வேண்டும். அண்ணாந்து பார்க்க வைக்கும் கட்டடத்தைவிட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தச் சூழலில் முளைத்ததுதான் ஏதர் எனர்ஜி. தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் அங்கே படித்தவர்கள். ஒருவர் அசோக் லேலண்டிலும் மற்றவர் ஜெனரல் மோட்டார்ஸிலும் சில காலம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். முதலில் மின்ஸ்கூட்டருக்கு நல்ல பேட்டரி செய்யலாம் என்றுதான் நினைத்தார்கள். அன்று சந்தையில் இருந்த வண்டிகளே தேறாது என்று தெரிந்ததும், முழு வண்டியையே செய்ய முடிவெடுத்தார்கள். 2013இல் நிறுவனம் பிறந்தது. கையில் விற்க எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் ஐஐடி இடமும் தொடக்கப் பணமும் கொடுத்தது. வண்டியை உலகுக்குக் காட்டியது 2016இல். வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2018இல்.

ஐந்து ஆண்டுகள்! இதைத்தான் நம் வீடுகளில் பேச வேண்டும். செயலி எழுதுகிறவர் ஆறு மாதத்தில் எதையாவது வெளியிடலாம். பேட்டரி, எரிவாயுத் தொட்டி, வெறுங்குலையை எரிகட்டியாக்கும் இயந்திரம் எல்லாம் அப்படி வராது. செய்ய வேண்டும், உடைய வேண்டும், மறுபடி செய்ய வேண்டும். அதற்குப் பட்டறை வேண்டும், அளக்கும் கருவி வேண்டும். வங்கி கொடுக்காத இவற்றைப் பல்கலைக்கழகத்தால் கொடுக்க முடியும்.

சும்மா கொடுப்பதுமில்லை. ஐஐடியின் இன்குபேஷன் செல் பதிலுக்கு ஏதரில் பங்கு வைத்திருந்தது. 2025இல் ஏதர் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பங்குகளை விற்றவர்கள் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. அப்படி வரும் பணம் அடுத்த மாணவனுக்குப் போனால் சக்கரம் சுற்றும். ஏதரின் தொழிற்சாலை இப்போது ஓசூரில் இருக்கிறது.

விவசாயக் கழிவுக்கும் உதாரணம் உண்டு. டாக்காசார் என்ற நிறுவனத்தின் விதை, கெவின் குங் அமெரிக்காவின் எம்ஐடியில் செய்த முனைவர் பட்ட ஆய்வு. வயலில் எரித்துவிடும் கழிவை அந்த இடத்திலேயே எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் சிறிய இயந்திரம் அது. அவரோடு கைகோத்த வித்யுத் மோகன் டில்லிக்காரர். 2021இல் அவர்களுக்கு 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. வெறுங்குலை மலைபோலக் குவியும் ஊர்க்காரனான எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமைதான்.

நம் பக்கம் ஒன்றும் வறண்டு கிடக்கவில்லை. ஸ்கூடாயில் யுடிஎம், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், இரண்டுமே ரெங்கத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். இஸ்கந்தார் மலேசியாவுக்கான குறைந்த கரிம வரைவுத் திட்டத்தை ஜப்பானியர்களோடு சேர்ந்து தயாரித்தது யுடிஎம். 2012இல் டோஹா பருவநிலை மாநாட்டில் அது வெளியிடப்பட்டது. தொழில் தொடங்க முனைவோருக்குக் கிரேடில் நிதியகத்தின் சிஐபி ஸ்பார்க் திட்டத்தில் 150,000 வெள்ளி வரை மானியம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில், அதன் பணத்தில் உருவான கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே போகும். உரிமம் உங்களுக்கு எந்த விலைக்குக் கிடைக்கும், நிறுவனத்தில் எத்தனை விழுக்காடு கேட்பார்கள், காப்புரிமைச் செலவு யாருடையது? இதையெல்லாம் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கும்போதே மேற்பார்வையாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.