பை சுமந்தவர் பாடம் சொல்கிறார்

கோல்ப் ஆசிரியர் ஆக என்ன வேண்டும்?

புதுடில்லி: ஜங்புராவில் பாராபுல்லா நாலாக் கரையில் இருந்த மதராசி கேம்பிலிருந்து டில்லி கோல்ப் கிளப் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். இருந்தும் அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று நம்மவரில் பலர் எட்டிப் பார்த்ததில்லை. சீமான்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று போய்விடுவோம். ஆனால் அந்தச் சீமான்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுப்பவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 'கேடி'யாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். போலீஸ் பட்டியலில் உள்ள கேடி அல்ல. ஆட்டக்காரரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு கோல்ப் மைதானத்தில் அதுதான் பெயர்.

இப்படி டில்லி கோல்ப் கிளப்பில் கேடியாக இருந்தவர் அலி ஷேர். 1991-ல் அதே மைதானத்தில் நடந்த இந்தியன் ஓப்பன் போட்டியில் வெற்றி பெற்றார். 1965-ல் பி.ஜி. சேத்தி என்ற இந்தியர் வென்றிருந்தாலும் அவர் அமெச்சூர். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அலி ஷேர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பாவும் 2009-ல் அதே பட்டத்தைப் பெற்றார்.

நடையே பள்ளிக்கூடம்

18 குழிகள் கொண்ட மைதானத்தை ஒரு சுற்று வர நாலு மணி நேரம் ஆகும். பையில் 14 மட்டைகள் வரை இருக்கும். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காற்று எந்தப் பக்கம், தரை எப்படிச் சரிகிறது என்றெல்லாம் கேடி சொல்ல வேண்டும். தினமும் பலருடைய வீச்சைப் பார்ப்பதால், பந்து ஏன் வலப்பக்கம் விலகியது என்பது அடித்தவரை விட அவருக்கு முதலில் தெரிந்துவிடும். ஆசிரியருக்கு வேண்டிய கண் இதுதான்.

கண் மட்டும் போதாது. கைப்பிடி, நிற்கும் நிலை, வீச்சு ஆகிய மூன்றையும் புதிதாக வருபவருக்குப் பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும். சான்றிதழும் வேண்டும். 1955-ல் ஏற்பட்ட இந்தியன் கோல்ப் யூனியனைச் சார்ந்த நேஷனல் கோல்ப் அகாடமி, ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்திச் சான்றிதழ் அளிக்கிறது. பொதுவாக, பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னால் அமெச்சூர் தகுதி போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

குமாஸ்தாக்கள் கவனிக்க

ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு இதில் இறங்க நினைப்பவர் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. மாணவர் வந்தால்தான் வருமானம். ஜனவரி மூடுபனியும் மே மாத வெயிலும் டில்லியில் யாருக்காகவும் நிற்பதில்லை. பிராவிடண்டு பண்டு, பென்ஷனை நம்பியிருப்பவர், வேலையில் இருந்துகொண்டே விடுமுறை நாட்களில் பழகிப் பார்ப்பது நல்லது. லாடோ சராயில் டி.டி.ஏ. 2000-ல் திறந்த குதுப் கோல்ப் மைதானம் பொதுமக்களுக்கானது. கிளப் உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம்.

தூரம் என்னும் தடை

கேடியோ ஆசிரியரோ, பொழுது விடியும்போது மைதானத்தில் இருக்க வேண்டும். அருகில் குடியிருப்பவருக்கே அது சுலபம். மதராசி கேம்பில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர்கள் வாழ்ந்த சுமார் 370 வீடுகள், நாலாவின் நீரோட்டத்தைத் தடுப்பதாகக் கூறி, ஐகோர்ட் உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ந் தேதி இடிக்கப்பட்டன. நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவை என்று முடிவானது 189 குடும்பங்கள்தான். நரேலாவோ சுமார் 40 கி.மீ. அப்பால். ஜங்புரா, நிஜாமுதீன் பக்கம் வீட்டு வேலையும் டிரைவர் வேலையும் பார்த்து வந்தவர்களுக்கு, வீட்டோடு சேர்ந்து வேலையும் தூரமாகிவிட்டது.

நரேலா போன குடும்பத்துப் பையன்களுக்கு ஒரு தகவல். வடக்கு டில்லியில் பல்ஸ்வா ஏரிப் பக்கம் டி.டி.ஏ.வுக்கு இன்னொரு கோல்ப் மைதானம் இருக்கிறது. நரேலாவாசிகளுக்கு ஜங்புராவை விட அது கிட்டம். வேலைக்கு இடம் உண்டா, பயிற்சிக்கு என்ன கட்டணம் என்று நேரில் போய் விசாரிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பை தூக்கப் போக வேண்டாம். சான்றிதழ் வகுப்பில் எழுத்தும் படிப்பும் கைகொடுக்கும். பை சுமப்பது முதல் படிதான். ஏறாமல் அதிலேயே நின்றுவிட்டவர்கள்தான் அதிகம்.