யார் ஏற்றால் போதும்?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் கேள்வி இது. உடுத்தும் உடை முதல் படிக்கும் பாடம் வரை, அந்த முகம் தெரியாத நாலு பேருக்கு அஞ்சியே பலவற்றை முடிவு செய்கிறோம். பிறர் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை தவறன்று. தாயின் முகம் பார்த்துச் சிரிக்கும் பச்சிளங் குழந்தைக்கும் அது உண்டு. ஆனால் அந்த ஏற்பை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் நம் நிம்மதி அடங்கியுள்ளது.

நம் அண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் நடப்பவருக்கு மலை திருப்பத்துக்குத் திருப்பம் வெவ்வேறாய்த் தோன்றும். நகரத்துப் பெரிய கோயிலருகே நிற்பவர் காணும் வடிவம் ஒன்று. அடி அண்ணாமலையில் நிற்கும் நாம் காணும் வடிவம் வேறு. மாறியது மலையன்று, பார்ப்பவர் நின்ற இடமே! பிறர் நம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணமும் இத்தகையதே. நிறம், சாதி, பணம், மதிப்பெண், கைப்பேசியில் விழும் விருப்பக் குறிகள் ஆகியவற்றை வைத்துத் தரப்படும் மதிப்பு, அவை மாறும்போது தானும் மாறிவிடும்.

மாறாத ஏற்பைக் கண்டடைந்த ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். 1712-ஆம் ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணிபுரிந்தவர். உயர்குலம், பதவி, நன்மதிப்பு யாவும் அவருக்கு இருந்தன. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படையிலேயே தலைவரான, முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாயின் வழியாக அவர் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கடவுளே துணை என்பது அப்பெயரின் பொருள்.

அதன்பின் அவர் எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகினார். அரண்மனையின் ஆதரவு பகையாயிற்று. 1749-இல் சிறைபிடிக்கப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு, ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டார். விசுவாசத்தைக் கைவிட இணங்காமல், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். உலகம் தந்த இந்தப் பெருமை 270 ஆண்டுகள் கழித்தே வந்தது. அதை எதிர்பார்த்தா அவர் உயிர் கொடுத்தார்?

இல்லை! தாம் இறைவனால் ஏற்கெனவே ஏற்கப்பட்டவர் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் நல்லவர்களான பிறகு கிறிஸ்து நம்மை நேசிக்கவில்லை. பாவிகளாய் இருந்தபோதே நமக்காக உயிர் கொடுத்தார் என்று புனித பவுல் உரோமையருக்குப் போதிக்கிறார். தேர்வு எழுதுமுன்பே கிடைத்துவிட்ட வெற்றி போன்றது அந்த அன்பு. அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை, பெற்றுக்கொண்டால் போதும்.

அப்படியானால் பெற்றோர், ஆசிரியர் சொல்லை அலட்சியம் செய்யலாமா? கூடாது. புகழுக்கு ஏங்குவது வேறு, திருத்தத்தைப் பணிவோடு ஏற்பது வேறு. தான் நேசிக்கப்படுவதை அறிந்த பிள்ளையே திருத்தத்தை மனமுவந்து ஏற்கும். ஆதலால் அன்புப் பெற்றோரே, உங்கள் மகளை அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதிருங்கள். மதிப்பெண் அட்டையைப் பார்க்குமுன் அவள் முகத்தைப் பாருங்கள்.

தோழியரே, இறைவனின் ஏற்பை நாம் உண்மையில் பெற்றிருக்கிறோமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தேவசகாயம் அரண்மனையின் மதிப்பைப் பெரிதாக எண்ணாததால்தான், பிறர் ஒதுக்கியவர்களோடு அவரால் தயக்கமின்றி அமர முடிந்தது. நம் வகுப்பிலும் மதிய உணவு வேளையில் தனியே அமரும் மாணவி ஒருத்தி இருக்கலாம். அவள் எந்த மதத்தவளாயினும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், இறைவன் படைத்த மகளே. அவள் அருகே சென்று அமர்ந்தால் மற்றவர் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் எழுகிறதா? அந்த அச்சத்தை இயேசுவின் பாதத்தில் வைத்துவிட்டு, நம் உணவுப் பாத்திரத்தோடு எழுந்து அவளருகே செல்வோம். நாம் பெற்ற அன்பை அவளும் நம் வழியாய் அறியட்டும்.