முதலில் ஓர் உயரமானி

பழைய விமான சிமுலேட்டர்களில் விமானியின் கருவிப் பலகை என்பது திரையின் அடியில் ஒட்டிவைத்த ஒரு படம். இப்போது அப்படியில்லை. விமானி அறை முழுவதும் முப்பரிமாணத்தில் இருக்கிறது. பக்கத்து ஜன்னல் வழியே இறக்கையைப் பார்க்கலாம், மவுஸால் திருகைத் திருப்பலாம். இதைத்தான் விர்ச்சுவல் காக்பிட் என்கிறோம். பொறுமை இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன்.

செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். 1955இல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000க்கு மேல் தயாரானதால் புகைப்படத்துக்கும் கையேட்டுக்கும் பஞ்சமில்லை. மாடல் செய்ய பிளெண்டர், பறக்கவிட பிளைட்கியர், இரண்டும் இலவசம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இருக்கை, கதவு, தரைவிரிப்பு என்று ஆரம்பித்துப் பாதியில் களைத்துப்போகிறார்கள். ஒரே ஒரு கருவியில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. அது உயரமானியாக இருக்கட்டும்.

முதல் வேலை அளவு. சிறிய விமானங்களின் பலகையில் கருவிக்காக வெட்டும் வட்டத்துளைக்கு வழக்கமான அளவு 3⅛ அங்குலம், ஏறக்குறைய 79 மில்லிமீட்டர். நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்துவிட்டால், அந்த வட்டத்தை அளவுகோலாக வைத்துப் பலகையின் மற்ற தூரங்களைக் கணக்கிட்டுவிடலாம்.

உயரமானியில் கடிகாரம் போல மூன்று முட்கள். ஒன்று 1,000 அடிக்கு ஒரு சுற்று, அடுத்தது 10,000 அடிக்கு, மூன்றாவது 1,00,000 அடிக்கு. ஆக, ஓர் அடி ஏறினால் முதல் முள் 0.36 டிகிரி நகர வேண்டும், இரண்டாவது 0.036, மூன்றாவது 0.0036. மூன்றையும் தனித்தனிப் பொருளாகச் செய்து, பன்னிரண்டு மணி திசையில் நிறுத்துங்கள். சுழலும் மையம் டயலின் நட்டநடுவில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் முள் சுற்றும்போது தள்ளாடும். முட்கள் ஒரே தளத்தில் கிடந்தால் பரப்புகள் ஒன்றோடொன்று மோதித் திரையில் மினுமினுக்கும். ஒன்றுக்கு ஒன்று சிறு இடைவெளி விடுங்கள்.

பிறகு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. எந்த முள், எந்த மதிப்பைப் பார்த்து, எந்த அச்சில், அடிக்கு எத்தனை டிகிரி சுழல வேண்டும் என்று அதில் எழுதினால் போதும். 6,500 அடியில் பறந்து சோதியுங்கள். முதல் முள் 5இல் நிற்க வேண்டும். இரண்டாவது 6க்கும் 7க்கும் சரிபாதியில். மூன்றாவது 0வைத் தாண்டி, 1க்குச் செல்லும் வழியில் பாதிக்கு மேல்.

அந்த மூன்றாவது முள்ளை அலட்சியமாக விடாதீர்கள். 1958 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் பிரிட்டானியா விமானம் ஒன்று சோதனைப் பறப்பின்போது தரையில் மோதியது. மூன்று முள் உயரமானியை 10,000 அடி கூடுதலாக வாசித்துவிட்டார்கள். இருந்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். விமானியின் கண் எதை நம்புகிறதோ அதைத்தான் நாம் செய்துகொண்டிருக்கிறோம். சிமுலேட்டரில் அமர்ந்து மானிகளை வாசிக்கப் பழகுகிற மாணவருக்கு நம் முள் தவறான பழக்கத்தைக் கற்றுத்தரக் கூடாது.

வேகமானி கொஞ்சம் அடம்பிடிக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறுவதால் டயலின் கோடுகள் ஒரே சீரான இடைவெளியில் இருக்காது. ஒரே பெருக்கெண் போட்டால் எங்காவது பொய் சொல்லும். 172பி ரகத்தில் வெள்ளை வளைவு 85 நாட் வேகத்தில் முடிகிறது, சிவப்புக் கோடு 158இல். இப்படி ஒவ்வொரு குறிக்கும் கோணத்தைப் படத்திலிருந்து அளந்து அட்டவணையாக எழுதுங்கள். இடைப்பட்ட மதிப்புகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

செயற்கை அடிவானம் என்னும் கருவியில் அடுக்கு முக்கியம். சாய்வைக் காட்டும் சட்டம் வெளியே, ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தட்டு அதற்குள்ளே. மாற்றி அடுக்கினால் நேராகப் பறக்கும்வரை குறையே தெரியாது. சாய்ந்தபடி மூக்கைத் தூக்கும்போதுதான் அடிவானம் தப்பான திசையில் நகர்வது தெரியும்.

கண்ணாடி, இரவு விளக்கு, தேய்ந்த பெயிண்ட் எல்லாம் பிறகு வரட்டும். கருவிகள் சரியாக நின்றபின் அவை சுலபம்.

பிளைட்கியருடன் வரும் செஸ்னா 172பி விமானத்தின் கோப்புகள் யாரும் திறந்து படிக்கும்படி இருக்கின்றன. ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உயரமானியின் கோப்பைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் பறந்து பாருங்கள். எது எதை அசைக்கிறது என்று அரைமணியில் பிடிபட்டுவிடும்.