எதிர்க்கடைக்கு இடமில்லை!

ஐ.பி.எல். வருவதற்கு முன்பே சென்னை பெயரில் ஒரு டி20 அணி கோப்பை வென்றது. 'சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்'. இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா 2007இல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீகின் (ஐ.சி.எல்.) முதல் டி20 சாம்பியன் அந்த அணிதான். ஹேமங் பதானி அதில் ஆடினார். ஆனால், சேப்பாக்கத்தில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. கிரிக்கெட் வாரியம் தன் மைதானங்களைத் தர மறுத்ததால், முதல் தொடர் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் நடந்தது.

மைதானத்தோடு விட்டார்களா? ஐ.சி.எல்.லில் ஆடியவருக்கு ரஞ்சிக் கோப்பை கிடையாது, இந்திய அணி கிடையாது. லீகின் பொறுப்பை ஏற்ற கபில்தேவ், தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவர் பதவியை இழந்தார். உலகக் கோப்பை வாங்கித் தந்தவருக்கே இந்தக் கதி என்றால், வளரும் பையன் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுவான்? 2009இல், அங்கிருந்து விலகி வந்தால் மன்னிப்பு என்றது வாரியம். பலரும் திரும்பினார்கள். ஐ.சி.எல். படுத்துவிட்டது.

அதன் பிறகுதான் சட்டம் தலையிட்டது. ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் வாரியம் ஓர் உறுதி தந்திருந்தது: ஒப்பந்தக் காலம் முழுவதும் ஐ.பி.எல்.லுக்குப் போட்டியாக இன்னொரு உள்நாட்டுத் தொழில்முறை டி20 தொடரை நடத்தவோ அங்கீகரிக்கவோ ஆதரிக்கவோ மாட்டோம். போட்டிச் சட்டம் 2002-இன்படி இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2013 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்து, 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

'நாங்கள் லாப நோக்கமில்லாத சங்கம்' என்பது வாரியத்தின் வாதம். பதிவு என்னவோ அப்படித்தான். அதுவும் நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்! ஆனால் ஒளிபரப்பு உரிமையையும் அணிகளையும் ஏலம் விட்டுப் பணம் பார்ப்பவர், எந்தச் சட்டத்தில் பதிவு செய்திருந்தாலும் வியாபாரிதான். ஆணையம் சொன்னதன் சாரமும் அதுவே.

ஆட்டத்துக்கு விதி எழுத ஒரே அமைப்பு இருப்பதில் தவறில்லை. விதி எழுதுபவரே கடையும் விரித்து, எதிரில் யாரும் கடை போடக் கூடாது என்னும்போதுதான் வில்லங்கம். வெளிப்போட்டிகளில் ஆடியவர்களைத் தண்டித்த அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்புக்கும் 2018இல் ஆணையம் அபராதம் போட்டது. கால்பந்தில், போட்டித் தொடராக முளைத்த ஐரோப்பிய சூப்பர் லீகை மிரட்டிய ஃபிஃபாவிடமும் யுஇஎஃப்ஏவிடமும் 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான்.

கிரிக்கெட் வழக்குக்கு வருவோம். தன் தரப்பைச் சொல்ல வாரியத்துக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து, 2017 நவம்பரில் அதே முடிவுக்கு வந்தது. ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் தந்த அந்த உறுதி காத்தது வியாபாரத்தையே, கிரிக்கெட்டை அல்ல என்றது. அபராதமும் அதே 52.24 கோடி.

ஐ.சி.எல். மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது. அபராதம் உறைத்திருக்குமா? உத்தரவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்புதான் ஐந்து வருட ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை 16,347.50 கோடி ரூபாய்க்கு வாரியம் விற்றிருந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 54 கோடி.