தியலுமவின் தலைமேல் என்ன நடக்கிறது?

கொஸ்லாந்தைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால் தியலும. 220 மீட்டர்! கீழே நின்று வாய் பிளந்து பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறோம். ஆனால் கூத்தெல்லாம் மேலேதான் நடக்கிறது. பூனாகலைப் பக்கமாகச் சுற்றி, தேயிலை மலைகளையும் மானாப் புல்லையும் தாண்டி அருவியின் தலைமாட்டுக்கு வாருங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள்.

அங்கே பாறையில் வரிசையாகக் குளங்கள். எல்லாரும் குளிக்கத்தான் இறங்குவார்கள். நீங்கள் ஓரத்திலுள்ள சின்னக் குழி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கையை விட்டுத் தடவினால் சுவர் வழுவழுவென்று, ஆட்டுக்கல்லின் குழி போலவே இருக்கும். அடியில் துழாவினால் உருண்டைக் கற்கள் அகப்படும். அவைதான் ஆற்றின் உளிகள்! பாறையில் எப்போதோ விழுந்த சிறு பள்ளத்தில் ஒரு கல் மாட்டிக்கொள்ளும். வெள்ளம் வரும்போதெல்லாம் சுழிக்குள் அகப்பட்டு அது சுற்றும், உரசும், குடையும். தேய்ந்து மணலாகிப் போனால் அடுத்த கல் வந்து வேலையை ஏற்கும். குழி அகன்று பக்கத்துக் குழியோடு சேரும். இரண்டும் சேர்ந்து குளமாகும். நாம் நீந்தி மகிழும் தொட்டிகளை இப்படித்தான் வெறும் கூழாங்கற்கள் குடைந்திருக்கின்றன. வெறும் தண்ணீர் இந்தப் பாறையை லேசில் அசைத்துவிடாது. கல்லைக் கையில் கொடுத்தால்தான் அதற்குப் பலம் வரும்.

எவ்வளவு பலம்? ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறக்குறைய 64 மடங்காகும் என்பது ஆற்றியலின் பழைய கணக்கு. இரண்டு மடங்கு இல்லை, அறுபத்து நான்கு! கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் சோம்பிக் கிடக்கும் ஓடை, வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் ஆட்டுக்குட்டி அளவு பாறைகளை உருட்டி விளையாடுவது இதனால்தான். ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஆறு பெரும் வேலையைச் செய்து முடிப்பது சில நாள் வெள்ளத்தில்.

இன்னொன்று கேளுங்கள். இலங்கையின் மிக உயரமான அருவி பம்பரகந்த, 263 மீட்டர். அடுத்தது இந்தத் தியலும. இரண்டுமே பதுளை மாவட்டத்தில், மலைநாட்டின் ஒரே தென்சுவரிலிருந்துதான் குதிக்கின்றன. அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே வழக்கு. இத்தீவு அரிப்பால் மட்டமான மூன்று தளங்களாகப் படியடுக்கி நிற்கிறது என்று 1929இல் எழுதினார் கனடாவின் ஃபிராங்க் ஆடம்ஸ். இங்கே அரச கனிமவியலாளராக வேலை பார்த்த இந்தியரான டி.என். வாடியாவோ, 1940களில், நிலத்துண்டுகளே பெயர்ந்து மேலெழுந்தன என்றார். சுவர் எழுந்த விதம் எதுவாயினும், அதன் முகத்தை இன்றும் செதுக்கிக்கொண்டிருப்பவை ஓடைகள். எல்ல இடைவெளியில் நின்று தெற்கே சமவெளியைப் பார்த்துச் சொக்கிப் போகிறோமே, அந்த வாசலும் இதே வேலைதான்!

வடக்கே பதுளை நகரைப் பாருங்கள். பதுளு ஓயா அதை ஏறக்குறைய முழுதாகவே வளைத்துக்கொண்டு ஓடி, 64 மீட்டர் உயரத் துன்ஹிந்தையில் குதித்து மகாவலியைத் தேடிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பாலத்தில் நின்றால் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறம். அந்த நிறம் நமுனுகுல மலைத்தொடர் தோட்டங்களின் மண். வெக்கையிலும் ஈரத்திலும் உக்கிய பாறை களியாகும். உக்காத படிகக்கல் மணலாகும். களி மிதந்து வெகுதூரம் போகும், மணல் வளைவுகளின் உட்புறத்தில் படியும்.

அந்த மண்ணைத் தடுத்து நிறுத்துகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தேயிலை மலைக்குள் குறுக்கே ஓடும் கான்களைக் கவனித்திருக்கிறீர்களா? சரிவை அனுசரித்து, மெல்லிய சாய்வில் வெட்டி, இடையிடையே குழி விட்டிருப்பார்கள். வழிந்துவரும் நீர் அந்தக் குழியில் தயங்கும். தயங்கினால் சுமை இறங்கிவிடும். தேங்கிய மண்ணைத் தொழிலாளி மண்வெட்டியால் அள்ளி மறுபடி மலைக்கே போடுகிறார். ஆற்றோடு கைகலக்கும் வேலை இது! கவ்வாத்து முடிந்து மலை மொட்டையாக நிற்கும் மாதங்களில் கான் தூர்ந்திருந்தால் ஒரே மழையில் மேல்மண் போய்விடும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. மலையில் மண்ணைக் காப்பது என்னவோ கான் வெட்டுகிற கைகள்தான்.

கொஸ்லாந்தை என்றதும் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை, மழையில் ஊறிய மலை லயங்களின் மேல் இறங்கியது. மலையின் மண் ஆற்றுக்குப் போகும் வழிகளில் மண்சரிவும் ஒன்று. அதன் பாதையில் லயம் கட்டியதும், ஆபத்து தெரிந்த பிறகும் மக்களை அங்கேயே இருக்க விட்டதும் மனிதர்கள். பாதுகாப்பான காணியும் வீடும் அம்மக்களின் உரிமை. அதை உரக்கவே சொல்ல வேண்டும்.

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குச் சரிவுகளில் கழுவிய மண் உமா ஓயா வழியே ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய் அடைகிறது. நீருக்கான இடத்தைச் சேறு பிடித்துவிட்டது. பதுளு ஓயாவின் மண்ணுக்கு வேறு யோகம்: ரந்தம்பைக்குக் கீழேதான் அது மகாவலியைச் சேர்கிறது. அதனால் மகியங்கனைச் சமவெளியைத் தாண்டி, திருகோணமலைக் கொட்டியாரக் குடா வரைக்கும் போக வழி கிடைக்கிறது.

கடைசியாக, ஊவாவின் தாழ்நிலத்தில் ஒக்கம்பிட்டிய. வயலடியில் பழைய ஓடைகள் விட்டுச்சென்ற சரளைப் படுகை இருக்கிறது. மாணிக்கம் தோண்டுவோர் அதை ‘இல்லம்’ என்பார்கள். ஓட்டம் தளரும் இடத்தில் கனமானது முதலில் படியும். நீலக்கல்லும் கார்னெட்டும் சாதாரண மணலைவிடக் கனம். தோண்டியெடுத்த சரளையைக் கூடையில் அள்ளி, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றுகிறார்கள். களி கரைந்து ஓடும், லேசான மணல் விளிம்பால் வழியும், கனமானவை கூடையின் நடு அடியில் கூடும். வெயிலுக்குக் கூடையைச் சாய்த்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்க்கிறார்கள்!