குறை கம்பியில் இல்லை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் தொழிற்பேட்டைக்குப் போகும் இளந்தொழிலாளர்களைக் காணலாம். பெரும்பாலோர் ஊதியத்துக்காக ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் வீட்டில் அடி தாங்காமல் வந்தவராகவும் இருக்கலாம். தன் பாலினத்தவரையே விரும்பியதற்காகவோ, "நான் ஆண் அல்ல, பெண்" என்று சொன்னதற்காகவோ விழுந்த அடி அது.

இது நோயா?

"அல்ல" என்பதே அறிவியலின் விடை. தன்பால் ஈர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது.

அப்படியானால் இவ்விளைஞர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுந்து காணப்படுவது ஏன்? உளவியலார் இதனைச் 'சிறுபான்மையர் மன அழுத்தம்' என்பர். கேலியும் அடியும், வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் நாள்தோறும் சேர்ந்து மனத்தை அரிக்கின்றன. ஓயாமல் வளைக்கப்படும் இரும்புக் கம்பி ஒருநாள் ஒடிந்துவிடுகிறது அல்லவா? குறை கம்பியில் இல்லை. வளைக்கும் கையில் இருக்கிறது.

கையை நிறுத்தினால்? அமெரிக்காவில் திருநர் இளைஞர் 129 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் வட்டம் ஆகியவற்றுள் விரும்பிய பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று கூடினால், தற்கொலை எண்ணம் 29 விழுக்காடு குறைந்து காணப்பட்டது.

பாடம் கேட்ட நீதிபதி

ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தனர். பெற்றோர் மகள்களைக் காணவில்லை எனப் புகார் தந்தனர். பாதுகாப்புக் கோரி இருவரும் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் இன்னும் புரிந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் அமர்ந்து கேட்டறிந்தார். பின்னர் ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். காணவில்லை என்ற புகாரில் தேடப்படுவோர் வயது வந்தோர், தம் விருப்பப்படி சேர்ந்து வாழ்வோர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடித்துவிட வேண்டும்; துன்புறுத்தக் கூடாது. இயல்பை 'மாற்றும்' சிகிச்சைக்கும் தடை விதிக்கப்பட்டது. காவலர் இவர்களைத் துன்புறுத்தலாகாது என்ற நடத்தை விதியைத் தமிழக அரசு 2022இல் சேர்த்தது.

சமூகப் பணியாளர் செய்வது என்ன?

முதலில் குறுக்கிடாமல் கேட்கிறார். இன்றிரவு வீடு திரும்புவது பாதுகாப்பா என்று ஆராய்கிறார். தேவையானால் தங்கும் விடுதி, மருத்துவர், இலவச சட்ட உதவி ஆகியவற்றுக்கு வழி செய்கிறார். வீட்டார் கேட்கும் மனநிலையில் இருந்தால், பாதிக்கப்பட்டவரின் இசைவோடு மட்டும் பேசுகிறார். வேலையிடத்திலும் வழியுண்டு: திருநர் உரிமைக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் புகார்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது.

உங்கள் தோழர் ஒருவர் இதை உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிக்காதீர்கள். அவர் இசைவின்றி வேறு யாரிடமும், நல்லெண்ணத்தோடு பெற்றோரிடமும்கூட, சொல்லாதீர்கள். அதன் பின் விழும் அடி அவர் மீதுதான். 18 வயது நிரம்பாதவர் ஆபத்தில் இருந்தால் 1098. மன உளைச்சலுக்கு 14416. இவ்விரு எண்களையும் அவருக்குச் சொல்லுங்கள். அவர் விரும்பும் பெயரால் அழையுங்கள்.